கயிற்றுக்கு வெளியே ஒரு காண்டா ஓட்டம்

எனக்கு இந்தத் தையோடு அறுபத்தைந்து வயது. பெற்றது நாலு, வளர்த்தது ஆறு. என் தங்கை கண்ணை மூடியபோது அவள் பிள்ளைகள் இரண்டையும் என் பிள்ளைகளோடு ஒரே பாயில் படுக்க வைத்து ஆளாக்கினேன். யார் வாசலிலும் போய் நின்றதில்லை. படிப்பு ஆறாம் வகுப்போடு சரி, அதனால் எழுத்து கோணலாகத்தான் வரும், இடையில் பேச்சும் வந்து விழும், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

நிறைந்த வாளிகள் இரண்டு ஒரு கம்பின் இரண்டு முனையிலும் தொங்க, அதைத் தோளில் வைத்து ஒரு ஆள் ஓடினால் ஒரு சத்தம் வரும். கம்பு முனகும், வாளியின் வளையம் கொக்கியில் உரசி "கிறீச், கிறீச்" என்று கேட்கும், அதற்கு நடுவில் தண்ணீர் "தளக் தளக்" என்று அடிக்கும். அந்தக் கம்புக்கு எங்கள் தோட்டத்தில் "காண்டா" என்று பெயர். ஈப்போவிலிருந்து செமோரைத் தாண்டி உள்ளே போனால் வரும் ரப்பர் தோட்டம் எங்களுடையது. விடிவதற்குள் மரம் சீவி, வெயில் ஏறியதும் மரத்தில் கட்டியிருக்கும் மங்குக் கிண்ணங்களிலிருந்து பாலை ஊற்றிச் சேர்த்து, காண்டாவில் மாட்டி, பால் ஸ்டோருக்குத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஆம்பளை வாளி, பொம்பளை வாளி என்று இரண்டு அளவு கிடையாது. எல்லார் தோளிலும் ஒரே இடத்தில் காய்ப்பு இருந்தது.

பொங்கலுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துத் திடலில் விளையாட்டு நடக்கும். கம்பங்களில் கயிறு கட்டி ஓடுகிற பாதையைத் தனியாக ஒதுக்கியிருப்பார்கள். காலையில் ஆரம்பித்து மத்தியானம் வரை ஒலிபெருக்கி அலறும். அன்றைக்கு ஒவ்வொரு விளையாட்டையும் என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதை நான் இந்த வயதில்தான் உட்கார்ந்து யோசிக்கிறேன். ஆம்பளைகள் உதைத்தால் அது "பந்து". பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகள் வளையத்தில் போட்டால் அது "பொம்பளைப் பந்து". அவர்கள் ஓடினால் "ஓட்டம்", நாங்கள் ஓடினால் "பொம்பளைங்க ஓட்டம்". ஜெயித்த ஆண்களை ஒலிபெருக்கி பேர் சொல்லிக் கூப்பிடும். ஜெயித்த பெண்களை இன்னார் சம்சாரம், இன்னார் மகள் என்று கூப்பிடும். கூப்பிட்டால் போதும் என்று நாங்களும் சிரித்துக்கொண்டே ஓடிப்போய்ச் சோப்பு டப்பாவையோ சீப்பையோ வாங்கிக்கொண்டு வருவோம்.

ஒன்றே ஒன்றுக்குத்தான் அந்த ஒட்டு கிடையாது. அதுதான் காண்டா ஓட்டம். மரம் வெட்டுகிற, அதாவது பாலுக்காகச் சீவுகிற, யாரும் நிற்கலாம். இரண்டு வாளி நிறையத் தண்ணீர், திடலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடியில் இருக்கிற பந்தாட்டக் கோல் கம்பத்தைச் சுற்றித் திரும்பி வரவேண்டும். காட்டில் பால் தளும்பாமல் இருக்க மேலே ஒரு தழையைக் கிள்ளிப் போடுவார்கள், பந்தயத்தில் அது கூடாது. முதலில் வந்தால் மட்டும் போதாது, கிராணி கோடு போட்ட ஒரு குச்சியை வாளிக்குள் விட்டு அளப்பார். கோட்டுக்குக் கீழே தண்ணீர் இறங்கியிருந்தால் ஜெயித்ததும் தோற்றதுதான். கிராணி என்றால் ஆபீஸ் குமாஸ்தா. எங்களுக்கு அவர் தொரைக்கு அடுத்த தொரை.

இந்த ஓட்டத்துக்குப் பரிசு சோப்பு டப்பா இல்லை. ஜெயித்தவர் அந்த வருஷம் முழுக்கத் தனக்கு எந்த "நெரை" வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொள்ளலாம். வெள்ளைக்காரத் தொரை இருந்த காலத்தில் ஆரம்பித்த வழக்கமாம். நெரை என்றால் ஒரு ஆளுக்கு வெட்டக் கொடுக்கிற மர வரிசை. மலை நெரை கிடைத்தவர்கள் அட்டைக் கடியோடு சரிவில் ஏறி இறங்கவேண்டும். ரோட்டோரத்து நெரை சமதரை, பால் ஸ்டோர் பக்கம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயாக் கொட்டகையும் கூப்பிடு தூரம். பெண்களும் அந்த ஓட்டத்தில் நிற்பார்கள், பாதியில் தண்ணீரைக் கொட்டிக்கொண்டு சிரித்தபடி கடைசியில் வருவார்கள். ஒரு பெண்ணும் ஜெயித்ததில்லை, அதனால் ஒருவருக்கும் அதில் குறையும் தெரியவில்லை.

எனக்குப் பதினோரு வயது இருக்கும்போது என் அண்ணிதான் ஜெயித்தார். என் அண்ணன் மாணிக்கத்தைக் கட்டிக்கொண்டு எங்கள் லயத்து வீட்டுக்கு வந்து ஏழெட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அண்ணன் புகைக்கொட்டகையில் ரப்பர் தகடு காயப்போடுகிற வேலை, அதனால் அவருக்கு நெரையும் இல்லை, ஓட்டமும் இல்லை. அண்ணிக்குக் கொடுத்திருந்தது மலை நெரை, புதுசாக வந்தவர்களுக்கு அதுதான். மற்றவர்கள் எட்டிப்போட்டு ஓட, அண்ணி சின்னச் சின்ன அடியாக, கம்பு மேலே எழும்பும்போது கால் தரையில் படுகிற மாதிரி ஓடினார். இடுப்புக்கு மேலே ஒரு அசைவும் கிடையாது. கோல் கம்பத்தைத் திரும்பும்போது ஐந்தாவது, வந்து சேரும்போது முதல். கிராணி குச்சியை இரண்டு தடவை விட்டுப் பார்த்தார். பிறகு ஒலிபெருக்கியில், "காண்டா ஓட்டம், முதல் பரிசு… மாணிக்கம் சம்சாரம்" என்றார்.

அவர் பெயர் அஞ்சலை. அந்த ஒலிபெருக்கி அந்தப் பெயரை ஒரு நாளும் சொன்னதில்லை, நானாவது எழுதி வைக்கிறேன்.

அந்த வருஷம் அண்ணி ரோட்டோரத்து நெரையில் வெட்டினார். ஓட்டம் முடிந்த கொஞ்ச நாளில்தான் வயிற்றில் பிள்ளை தங்கியிருப்பது தெரிந்தது. ஆவணியில் பையன் பிறந்தான். பேறுகால லீவு முடிந்து வேலைக்குத் திரும்பிய பிறகு ஒன்பது மணிவாக்கில் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஆயாக் கொட்டகைக்கு ஓடி வருவார், பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு, வாயைத் துடைத்துத் தொட்டிலில் போட்டுவிட்டு, மங்கு நிறைவதற்குள் நெரைக்குத் திரும்பிவிடுவார். அவன் தோட்டத்திலேயே கொழுகொழு பிள்ளையாக இருந்தான்.

ஆனால் அந்த வருஷம் முழுக்கப் பெரட்டுக் களத்தில், அதாவது காலையில் பேர் கூப்பிடுகிற இடத்தில், ஆம்பளைகள் பேச்சு வேறுமாதிரி இருந்தது. "என்னா மச்சான், ஒரு பொம்பளைகிட்ட தோத்துட்டு மரம் வெட்ட வந்துட்டியா?" என்று ஒருவரை ஒருவர் குத்துவார்கள். "நான் விட்டுக் குடுத்தேன்லா" என்பார் ஒருவர். "ரெண்டு வாளியும் விட்டுக் குடுத்தியா?" என்பார் இன்னொருவர். சிரிப்புதான், ஆனால் சிரித்து முடித்தபின் முகத்தில் அது இருக்காது.

அடுத்த தை வந்தது. நான் ஆறாம் வகுப்புக்குப் போயிருந்தேன். என் கையெழுத்து அப்போது முத்து முத்தாக இருக்கும், வாத்தியார் என்னைத்தான் கரும்பலகையில் எழுதச் சொல்வார். கிராணி அதைக் கேள்விப்பட்டு, விளையாட்டுப் பட்டியலைத் திடலில் இருக்கிற பெரிய பலகையில் எழுத என்னைக் கூப்பிட்டனுப்பினார். ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தின் மேல் ஏறி நின்று, அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ஓட்டம், நீளம் தாண்டுதல், பெண்கள் ஊசி நூல் கோர்த்தல், காண்டா ஓட்டம்.

"அதுக்குக் கீழ, பெண்கள் காண்டா ஓட்டம்" என்றார்.

போன வருஷம் அது இல்லை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, எழுதினேன். எழுதிவிட்டு, எழுத்தில் கெட்டிக்காரி என்கிற திமிரில் கேட்டேன்: "அப்ப மேல இருக்குறதுக்கு ஆண்கள்னு போடணுமாங்கய்யா?"

அவர் சிரித்தார். "அது எதுக்கு பாப்பா? ஓட்டம்னா ஓட்டந்தான். யாருக்குத் தெரியாது?"

சரி என்று இறங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து அண்ணியிடம் பெருமையாகச் சொன்னேன், பலகை முழுக்க என் எழுத்து என்று. அண்ணி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். பரிசு என்ன என்று கேட்டார். மேலே இருக்கிற ஓட்டத்துக்கு நெரை, கீழே இருக்கிற ஓட்டத்துக்குப் பூப்போட்ட தட்டு என்று கிராணி சொன்னதைச் சொன்னேன். அண்ணி என் பக்கம் திரும்பினார்.

"மேல என்னா எழுதுன? ஒவ்வொரு எழுத்தா சொல்லு."

சொன்னேன்.

"ஆம்பளைங்களுதுன்னு இருக்கா?"

"இல்லை அண்ணி. நான் கேட்டேன், ஐயாதான் வேணாம்னுட்டாரு."

"நல்லதாப் போச்சு" என்று சொல்லிப் பிள்ளையை மறுபக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காண்டா ஓட்டத்துக்கு ஆள் கூப்பிட்டதும் பத்துப் பதினோரு ஆண்கள் வாளியோடு வந்து நின்றார்கள். கடைசியில் அண்ணியும் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு போய் நின்றார். முதலில் யாரும் கவனிக்கவில்லை. கவனித்ததும் திடல் முழுக்கச் சிரிப்பு எழும்பியது.

"மாணிக்கம் சம்சாரம், இது உங்க ஓட்டம் இல்லலா" என்றார் கிராணி, ஒலிபெருக்கியிலேயே. "உங்களுது அடுத்து வருது."

"இது என்னா ஓட்டம்ங்கய்யா?"

"காண்டா ஓட்டம்."

"நானும் காண்டா தூக்குறவதானுங்களே?"

கூட்டத்தில் ஒருவன் கத்தினான்: "என்னா மாணிக்கம் மச்சான், ஒன் வீட்டுல யாருலா மீசை வைக்கிறது?" என் அண்ணன் தலையைக் குனிந்து, சிரிக்கிற மாதிரி வாயை வைத்துக்கொண்டார். அண்ணி சிரிக்கவில்லை. சத்தம் வந்த பக்கம் திரும்பி, "ஏண்ணே, நீங்க வாளியை மீசையிலயா தொங்கப் போடுறீங்க?" என்றார். இந்தத் தடவை சிரிப்பு அந்தப் பக்கம் திரும்பியது. பெண்கள் கைதட்டினார்கள். வரிசையில் நின்ற சின்னையா என்கிறவர்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அண்ணி பிறகு குரலைத் தணித்து மரியாதையாகத்தான் சொன்னார்: "ஐயா, போர்டுல எழுதியிருக்குறதை எங்க பாப்பா படிச்சுச் சொன்னுச்சு. காண்டா ஓட்டம்னுதான் இருக்காம். ஆம்பளைங்களுதுன்னு எங்கயும் இல்லையாம். எனக்கு நெரை வேணும்ங்கய்யா. அஞ்சு மாசப் பிள்ளை இருக்கான். மலையிலேர்ந்து நான் எப்படி வந்து பால் குடுப்பேன்?"

கிராணியும் கெட்டவர் இல்லை, எனக்குக் காய்ச்சல் வந்தபோது தன் காரில் வைத்து ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர். ஆனால் அத்தனை பேர் முன்னால் ஒரு பொம்பளை அவரைக் கேள்வி கேட்டுவிட்டாள். பத்து ஆம்பளைகள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கண் கூட்டத்தில் துழாவி என்னிடம் வந்து நின்றது.

"பாப்பா, இங்க வா."

போனேன். சுண்ணாம்புக் கட்டியை என் கையில் வைத்தார். தகரத்தை அவரே இழுத்துப் போட்டார்.

"அன்னைக்குக் கேட்டியே, அதை எழுது."

நான் அண்ணியைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எழுதியிருக்க மாட்டேனோ என்னவோ. பன்னிரண்டு வயது, கிராணி சொல்கிறார், திடல் முழுக்கப் பார்க்கிறது. வரியைப் பலகையின் ஓரத்திலிருந்தே ஆரம்பித்திருந்ததால் முன்னால் இடமில்லை, அதனால் மேலே இருந்த சந்தில் நுணுக்கி எழுதினேன்: ஆண்கள். நாலே எழுத்து. அதைக்கூட அழகாக எழுதினேன், அதுதான் இன்றுவரை என்னால் பொறுக்க முடியாதது. கை நடுங்கி இரண்டு கோடு கோணலாக இழுத்திருந்தாலாவது எனக்கு ஒரு சமாதானம் இருந்திருக்கும்.

"எழுதிட்டியா?" என்று பின்னால் அண்ணியின் குரல் கேட்டது. "சரி, பார்த்து எறங்கு. தகரம் ஆடுது."

இறங்கினேன். அண்ணி காண்டாவைத் தோளில் ஏற்றிக்கொண்டு வரிசையை விட்டு விலகினார். வீட்டுக்குப் போகிறார் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே, ஆள் நடமாடாத புல்லில், வரிசைக்கு நேராகப் போய் நின்றார். விசில் ஊதியதும் அவரும் ஓடினார்.

கயிற்றுக்கு உள்ளே வெட்டிச் சமன் செய்த தரை. வெளியே முழங்கால் உயரப் புல், அடியில் குழி எங்கே, கல் எங்கே என்று தெரியாது. ஒலிபெருக்கி சின்னையா, ராமு, பெருமாள் என்று மாற்றி மாற்றிப் பேர் சொல்லிக்கொண்டே இருந்தது. வெளியே ஓடியவரை அது பார்க்கவே இல்லை. பெண்கள் மட்டும் அந்தப் பக்கமாக ஓடிப்போய், "போ அஞ்சலை, போ" என்று கத்தினார்கள். அதே சின்ன அடி, அதே அசையாத இடுப்பு. கோல் கம்பத்துக்குப் பின்னால் இன்னும் அகலமாக வளைந்து திரும்பினார், அத்தனை பேரைவிடத் தூரம் கூட. அப்படியும் சின்னையாவுக்கு நாலடி முன்னால் வந்து சேர்ந்தார்.

நேரே கிராணியின் மேசைக்குப் போய் வாளிகளை இறக்கினார். "அளந்து பாருங்கய்யா."

கிராணி குச்சியைத் தொடவில்லை, எதிலோ கையெழுத்துப் போடுகிற மாதிரி குனிந்துகொண்டார். அப்போதுதான் என் அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அதுவரை வாயில் ஒட்டியிருந்த சிரிப்பு இப்போது இல்லை. மேசையிலிருந்த குச்சியை எடுத்து, ஒரு வாளியில் விட்டு எடுத்தார், மற்றதிலும் விட்டு எடுத்தார். கோட்டுக்கு மேலே நனைந்திருந்த அந்தக் குச்சியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்றுத் திரும்பினார். குச்சியை மேசையில் வைத்துவிட்டு, பெண்சாதியின் காண்டாவைத் தான் வாங்கிக்கொண்டார். அண்ணி பால் கொடுக்கப் போய்விட்டார், ரவிக்கை முன்பக்கம் நனைந்திருந்தது.

சின்னையாவுக்கு முதல் பரிசு கொடுத்தார்கள். அவர் ரோட்டோரத்து நெரையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அவரை நான் குற்றம் சொல்ல மாட்டேன், நடக்க முடியாத தாயார் அவர் வீட்டிலும் இருந்தார். ஆனால் அதற்குப் பிறகு அண்ணி எதிரே வந்தால் அவர் பாதையின் மறுபக்கத்துக்கு மாறிக்கொள்வார். பெண்கள் காண்டா ஓட்டமும் நடந்தது. பூப்போட்ட தட்டு யாருக்குப் போனது என்று எனக்கு ஞாபகமில்லை.

அண்ணி மறுபடி மலை நெரைக்குப் போனார். ஏறி இறங்க அரைமணி, ஒன்பது மணிக்கு வந்துபோக முடியாது. பிள்ளை ஆயாக் கொட்டகையில் டின் பாலைத் துப்பிவிட்டு அழும். அந்தச் சத்தம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிற என் காதுக்கு வரும். லீவு நாட்களில் நான் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு மலைக்கு ஏறிவிடுவேன். அட்டை ஏறும், வழுக்கும், அவன் என் தலைமுடியைப் பிடித்து இழுப்பான். அண்ணி மரத்தடியில் உட்கார்ந்து அவனை வாங்கிக்கொள்வார். எதற்காகக் கொண்டுவந்தாய் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பள்ளி நாட்களில் போக முடியாது, அதனால் இரண்டு மாதத்துக்குள் பால் வற்றிவிட்டது. கொழுகொழுவென்றிருந்த பிள்ளை இளைத்துத்தான் நடக்கப் பழகினான்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அதற்கு அடுத்த வருஷம் பலகையை வேறு யாரோ எழுதினார்கள். நான் போய்ப் பார்த்தேன். "காண்டா ஓட்டம்" என்று இருந்தது, கீழே "பெண்கள் காண்டா ஓட்டம்" என்று இருந்தது. நான் எழுதிய அந்தச் சொல்லைக் காணோம். அதற்குத் தோட்டத்தில் ஒரே ஒரு நாள்தான் வேலை இருந்தது. ஒரு பெண்ணை வரிசையிலிருந்து இறக்கியதும் அந்த வேலை முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு யாரும் போய் நிற்கவில்லை, அதனால் யாரும் எழுதவும் தேவையிருக்கவில்லை.

எண்பதுகளில் மரங்களைத் தள்ளி, எண்ணெய் எடுக்கிற செம்பனை வைத்தார்கள், ஆட்கள் ஈப்போவுக்கும் கமுந்திங் தொழிற்சாலைகளுக்கும் சிதறினார்கள். இப்போது அந்தத் திடல் இருந்த இடத்தில் வரிசை வீடுகள், வாசலுக்கு இரண்டு கார். காண்டா கம்பைக் காட்டினால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் துணி காயப்போடவா என்று கேட்கும். பால் ஸ்டோர் இல்லை, ஆயாக் கொட்டகை இல்லை, கிராணி இல்லை, என் அண்ணனும் இல்லை. என் பேத்தி தர்ஷினி பள்ளிக்கூடத்தில் பந்து உதைக்கிறாள், முட்டியெல்லாம் காயம். போன மாதம் அவர்கள் ஜெயித்ததைக் கைத்தொலைபேசியில் காட்டினாள். பையன்கள் ஜெயித்ததற்குக் "கால்பந்து" என்று போட்டிருந்தது, இவர்களுடையதற்குப் "பெண்கள் கால்பந்து" என்று போட்டிருந்தது. ஏன் என்று கேட்டேன். "அப்படித்தான் போடுவாங்க பாட்டி, யாருக்குத் தெரியாது?" என்றாள். அன்றைக்குத்தான் கடைக்குப் போய் இந்த நோட்டை வாங்கினேன்.

எழுத இருபத்து மூன்று நாள் ஆனது. பல எழுத்து மறந்துபோயிருந்தது. அண்ணி கமுந்திங்கில் அந்தப் பையன் வீட்டில் இருக்கிறார், கண் மங்கிவிட்டது, காது நன்றாகக் கேட்கிறது. ஐம்பது வருஷத்துக்கு மேல் ஒரே குடும்பமாக இருக்கிறோம், கல்யாணம், சாவு எல்லாவற்றிலும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம், அந்த நாளைப் பற்றி நான் வாய் திறந்ததில்லை. எனக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. கையால் செய்ததைக் கையாலேயே சொல்லலாம் என்று பார்த்தேன்.

தர்ஷினி, இங்க வாம்மா. போனை மேசை மேல வை, சத்தமா வை. அந்தப் பக்கம் அஞ்சலைப் பாட்டி காத்துக்கிட்டு இருக்காங்க. மொதல்லேர்ந்து படி. நான் தகரத்து மேல ஏறி நிக்கிற எடம் வரும், அங்க மட்டும் அவசரப்படாத, கொரலையும் கொறைக்காத. நான் என்னா எழுதுனேன்னு அவங்களுக்கு நல்லாக் கேக்கணும்.